ஒரு பெட்டி, இரு குடித்தனம்: அஞ்சல் பங்கீட்டு இலக்கணம்

என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். மேசைமேல் தோல் வந்து விழும். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, வெளிச்சத்துக்கு நேராக ஒரு திருப்பு, உடனே எண்ணைச் சொல்லிவிடுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, உரிக்கும்போது கத்தி தவறிய காயம், சூடு போட்ட தழும்பு என்று ஒவ்வொரு குறைக்கும் அவரிடம் பெயர் உண்டு, விலை உண்டு. அந்தப் பழக்கம் ஷாப்பு வாசலோடு நின்றால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாம் செலக்‌ஷன், அது அஞ்சாம் செலக்‌ஷன்" என்று அம்மாவின் காதில் ஓதுவார். எனக்கு அந்தக் கட்டைவிரல் வாய்க்கவில்லை. ஆம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைதான் வாய்த்தது. ஆனால் வகை பிரிக்கும் நோய் மட்டும் சொத்தாக வந்து சேர்ந்தது. அந்த நோயின் முற்றிய நிலை இந்த நூல்.

நூல் நுவலும் பொருள்: ஒரே ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஒரு பக்கமும் லினக்ஸ் ஒரு பக்கமும் குடியிருக்க, ஒரு குவியல் மின்னஞ்சலை இருவரும் ஆளுவது எங்ஙனம் என்பது. கேட்போர்: பாலாற்றங்கரைத் தோல், ஷூ, அப்பர் கம்பெனிகளின் மேனேஜர்கள், அவர்களிடம் ஏச்சு வாங்கும் என் இனத்தார். பயன்: ஏச்சு குறைதல். களம்: ராணிப்பேட்டை, மேல்விஷாரம், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. காலம்: மேனேஜர் போன் போடும் காலமெல்லாம்.

நூற்பா ஒன்று:

*ஒருபெட்டி இருகுடி ஆதல் நால்வழித்தே:*
*தேவை, தானம், ஆசை, மறதி.*

தேவை முதலில் வைக்கப்பட்டது, ஊரில் அதுவே மிகுதி என்பதனால். ஏற்றுமதி அலுவலகத்தில் டேலி இல்லாமல் பொழுது விடியாது. டேலிக்கு விண்டோஸ் வேண்டும். சுங்கத்துக்கும் வரிக்கும் கையெழுத்திடும் டிஜிட்டல் டோக்கனும் விண்டோஸில் சொன்ன பேச்சைக் கேட்கும், லினக்ஸில் முரண்டு பிடிக்கும். அதே அலுவலகத்தில் பென் டிரைவ் வழியாக வாரம் ஒரு வைரஸ் வரும். சாம்பிள் கொண்டுவரும் பையன், ஏஜென்ட், ஆடிட்டரின் அசிஸ்டென்ட் என்று எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு பென் டிரைவ் உண்டு, எல்லாவற்றிலும் ஒரு வைரஸ் உண்டு. ஆகவே "கணக்கு விண்டோஸில், மெயில் லினக்ஸில்" என்று யாரோ ஒரு நல்லவன் ஒரு நாள் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். அவனை நான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தானமாவது அரசு தந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் வாங்கித் தந்த பெட்டிகள் பிறவியிலேயே இருகுடியானவை. ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மறுபக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். டேபியன் குலத்தில் பிறந்தது, தமிழும் பேசும். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் வீடுகளில் பெண் பிளஸ் டூ முடித்ததும் கூடத்து ஷெல்ஃபில் ஏறி உட்கார்ந்த முதல் கணினி அதுதான். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இரட்டைக் குடித்தனத்தை ஊர் ஊராக அனுப்பிய அரசு உலகில் வேறு உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. அதைத் தந்தவர்களே அப்படி வடிவமைத்திருந்தார்கள். அந்தக் காரணத்துக்காகவே என் கடைக்கு வந்த பெட்டிகள் பல. "அண்ணா, வால்பேப்பர் மாத்தணும்" என்று வருவார்கள். பக்கத்துக் குடித்தனத்தில் அதைத் தாராளமாக மாற்றலாம் என்று சொன்னால், "அதுல படம் ஓடுமாண்ணா?" என்பார்கள். அஞ்சலைப் பொறுத்தவரை இவ்வகையில் பங்கிட ஒன்றும் இல்லை. விண்டோஸ் 7இல் அஞ்சல் மென்பொருளே சேர்த்துத் தரப்படவில்லை, பிள்ளைகள் ஜிமெயிலை பிரவுசரிலேயே பார்த்துவிடுவார்கள். ஆகவே இவ்வகை இவ்விலக்கணத்துக்குப் புறம்பானது. இருந்தும் சொன்னது, சொல்லாமல் விட மனம் வராமையால்.

ஆசை வேலூர் பக்கத்து இன்ஜினியரிங் பிள்ளைகளிடம் காணப்படும். மூன்றாம் செமஸ்டரில் வந்து ஐந்தாம் செமஸ்டரில் போய்விடும்.

மறதி சுவாரஸ்யமானது. பெட்டி ஆன் ஆனதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றி, பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கும். அது எதற்கு என்று தெரியாமலே ஆறு வருஷம் அதைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு குடோன் அலுவலகத்தில் கேட்டேன். "அதுவா, அது கம்ப்யூட்டர் மூச்சு விடுது, தொடக்கூடாது" என்றார் அங்கிருந்த பெரியவர். பதினெட்டு ஜிபி லினக்ஸ் உள்ளே யாரும் எழுப்பாமல் உறங்கிக்கொண்டிருந்தது.

நூற்பா இரண்டு:

*அஞ்சல் உறைவிடம் ஆராயின் மூன்றே:*
*வாங்கினோன் வீடு, வழங்கினோன் கூடம்,*
*இருவர்க்கும் நடுவண் இருக்கும் கிணறு.*

வாங்கினோன் வீடு என்பது பாப் முறை. 1984இல் இதற்குப் பெயர் வைத்தவர்கள் 'தபால் ஆபீஸ் நெறி' என்றே வைத்தார்கள், சரியாகவே வைத்தார்கள். தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன்பின் ஆபீஸில் போய்க் கேட்டால் அங்கே இருக்காது. ஜிமெயில் 2004இல் ஒரு ஜிபி இடத்தோடு வருவதற்கு முன் ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. ஒரு ஷூவின் போட்டோ மூன்று வந்தால் பெட்டி நிறைந்துவிடும். அதனால் எடுத்ததும் அங்கே அழித்துவிடுவது அன்றைக்கு நாகரிகமாகவே கருதப்பட்டது. ஒரு குடித்தனம் இருந்த வரை இதில் தவறில்லை. இரண்டு குடித்தனம் ஆனபின், எந்தக் குடித்தனம் அன்று காலையில் விழித்திருந்ததோ அதுவே கடிதத்தைக் கொண்டுபோகும். மற்றது அப்படி ஒரு கடிதம் வந்ததையே அறியாது.

இதற்கு எடுத்துக்காட்டு. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். இத்தாலியிலிருந்து ஒரு கிளெய்ம் வந்தது: அனுப்பிய பழுப்பு நிறம் நாங்கள் ஒப்புக்கொண்ட நிறம் இல்லை, பணத்தைக் குறைப்போம் என்று. கோன்யாக் என்று ஒரு பழுப்பு. காபி டிகாஷனில் இரண்டு சொட்டுப் பால் தவறி விழுந்த நிறம். அந்த நிறத்தை ஒப்புக்கொண்டு வாங்குகிறவர் எழுதிய ஷேட் அப்ரூவல் மெயில் ஒன்று உண்டு என்று மேனேஜர் அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறார். விண்டோஸில் தேடினார், காணோம். அழித்தவற்றில் தேடினார், காணோம். எனக்குப் போன். போய்ச் சேர்ந்தபோது முதலாளி பாய் வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, பதினாலாயிரம் ஜோடி. மெயில் எங்க கீது?"

நான் சொல்லவேண்டிய விடை 'கீது, ஆனா எங்க கீதுன்னுதான் தெரியல' என்பது. அதைச் சொல்லாமல் உட்கார்ந்தேன். மதியத் தொழுகை முடிந்து, பிரியாணி வந்து, கத்தரிக்காய் பச்சடி ஆறி, எல்லாம் ஆன பிறகுதான் ஒன்று உறைத்தது: அந்த மெயில் வந்த வாரம் விண்டோஸ் வைரஸில் படுத்துக்கிடந்தது, ஆபீஸ் லினக்ஸில் ஓடியது. பெட்டியை அணைத்து மறுபக்கத்தில் எழுப்பினேன். இன்பாக்ஸில், மேலிருந்து நாலாவதாக, 'கோன்யாக் ஓகே' என்று உட்கார்ந்திருந்தது. ஒரே டிஸ்க், ஒரே மேசை, ஒரே நாற்காலி. பாகப்பிரிவினை ஆன வீட்டில் அண்ணன் பெயருக்கு வந்த மணியார்டரைத் தம்பி பெண்டாட்டி வாங்கி அஞ்சறைப்பெட்டியில் வைத்த கதை.

இதற்கு மாற்று, 'சர்வரில் ஒரு நகல் விட்டு வை' என்ற சிறு கட்டத்தை இருபக்கமும் டிக் செய்தல். செய்தால் இரண்டு நகல் ஆகும். வந்தவை இரண்டிலும் இருக்கும், அனுப்பியவை அனுப்பிய பக்கத்தில் மட்டும் இருக்கும். பாதி உரையாடல் இங்கே, பாதி அங்கே. கேள்வியைப் படித்துவிட்டு நாம் என்ன பதில் சொன்னோம் என்று பார்க்க மறுபடி பெட்டியை அணைத்து ஏற்ற வேண்டும். இம்முறையை என் அப்பாவின் கணக்கில் ஐந்தாம் செலக்‌ஷனில் வைக்கிறேன்.

வழங்கினோன் கூடம் என்பது ஐமேப். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்தது. கடிதம் ஆபீஸிலேயே இருக்கும், நாம் போய்ப் படித்துவிட்டு வரலாம். யார் படித்தார், எதற்குப் பதில் போயிற்று என்பதெல்லாம் அங்கேயே குறிக்கப்படும். இரண்டு குடித்தனத்துக்கும் இது உத்தமம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் சொல்வேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. ஆனால் இந்த ஊரில் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய அஞ்சல் ஒன்பது வருஷத்துக்கு டிஸ்கில் கிடக்கிறது. அதில்தான் கிளெய்ம், அதில்தான் விலை, அதில்தான் மறந்துபோன வாக்குறுதி. அதையெல்லாம் சர்வருக்கு ஏற்றலாமே என்றால், "என் ரேட்டு அடுத்தவன் வூட்டுல எதுக்கு?" என்று பாய் கேட்பார். நியாயமான கேள்வியா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் கேட்டவர் பணம் கொடுக்கிறவர்.

எஞ்சியது கிணறு. விண்டோஸுக்கும் சொந்தமில்லாத, லினக்ஸுக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் பார்ட்டிஷன். அதில் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளின் புரொபைல் ஃபோல்டர் ஒன்று. இரண்டு குடித்தனத்திலும் தண்டர்பேர்ட், இரண்டும் அதே ஃபோல்டரில் வாளி இறக்கும். தண்டர்பேர்ட் 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தபோதே இதற்கு வசதி இருந்தது. அவுட்லுக்கில் இது ஆகாது: அதன் பிஎஸ்டி கோப்பை லினக்ஸ் பக்கம் பிரித்துப் படிக்கத்தான் கருவி உண்டு, குடித்தனம் நடத்த முடியாது. பழைய அவுட்லுக்கின் பிஎஸ்டி 2 ஜிபி தாண்டினால் தானே கெட்டும் போகும்.

கிணற்று முறையை நான் முதல் செலக்‌ஷன் என்பேன். ஆனால் முதல் செலக்‌ஷன் தோலிலும் குறை இல்லாமல் இல்லை. குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதுதான் வித்தை. ஆகவே,

*கிணற்றுவழி வருகுற்றம் கணக்கில் அடங்கா;*
*கண்டவை உரைத்தும் கடைவழி அறிந்தே.*

முதற்குற்றம் விலாசம். எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றின் லெட்டர்ஹெட்டுகளைப் பார்த்திருக்கிறேன்: மிகப் பழையதில் வட ஆற்காடு மாவட்டம், அடுத்ததில் வேலூர் மாவட்டம், 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். 1989இல் ஒரு பிரிவினை, 2019இல் இன்னொன்று. கட்டடம் ஓர் அங்குலம் நகரவில்லை, பின்கோடு 635802 மாறவில்லை. மாவட்டத்தை நம்பி வந்தவன் சுற்றுவான்; "மசூதிக்கு எதிர்த்தெரு, மூணாவது கேட்" என்று கேட்டு வந்தவன் நேராக வந்து சேர்வான். தண்டர்பேர்டின் அமைப்புக் கோப்பிலும் ஒவ்வோர் அஞ்சல் கணக்குக்கும் இரண்டு விலாசம் எழுதியிருக்கும். ஒன்று முழு விலாசம்: டி டிரைவ், இன்ன ஃபோல்டர் என்று. லினக்ஸுக்கு டி டிரைவ் என்று ஒன்று கிடையாது. அது திருப்பத்தூரில் நின்று வட ஆற்காட்டைத் தேடும். மற்றொன்று, 'இந்த ஃபோல்டருக்குள்ளேயே, மெயில் என்னும் அறையில்' என்ற சார்பு விலாசம். இது எந்த மாவட்டத்திலும் செல்லும். ஆகவே அஞ்சல் முழுவதும் புரொபைல் ஃபோல்டருக்கு உள்ளேயே இருக்கவேண்டும். வெளியே ஒரு ஃபோல்டரைத் தனியாக வைத்தால் அங்கே எதிர்த்தெரு வேலை செய்யாது. கிணற்றுக்கு வழி காட்டும் பலகை மட்டும் இரண்டு பக்கமும் தனித்தனியே முழு விலாசத்தில் எழுதப்படவேண்டும். இதை முள் கீறல் என்று வகுத்தோம்: பார்க்கப் பயமாக இருக்கும், பாலிஷில் போய்விடும்.

இரண்டாவது, பொய்த்தூக்கம். இது கத்திக் காயம்; தோலின் மறுபக்கம் வரை போயிருக்கும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று. ஷட்டவுன் கொடுத்தால் அது சாவதில்லை. உள்ளே உயிர்நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும், மறுநாள் சீக்கிரம் எழலாம் என்று. அப்போது கிணற்றின் மூடிமேல் அதன் கை இருக்கும். லினக்ஸ் எழுந்து வந்து பார்த்தால், என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் 'படிக்கலாம், எழுதக்கூடாது' என்று நிற்கும். தண்டர்பேர்ட் திறக்காமல் அழும். பொறுமையில்லாத ஒருவன் வலுக்கட்டாயமாக மூடியைத் திறந்து எழுதிவிட்டால் இன்னும் மோசம்: மறுநாள் விண்டோஸ் விழித்து, தான் தூங்கும்போது கண்ட கிணற்றையே இன்னும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அதன்மேல் எழுதும். வேடிக்கை என்னவென்றால் ரிஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் அது உண்மையாகவே அடங்கும். 'போய் வருகிறேன்' என்றால் போகாது, 'மறுபடி வருகிறேன்' என்றால்தான் போகும். எங்கள் வீட்டு விருந்தாளிகளும் இப்படியே. பவர் ஆப்ஷனில் அந்த டிக்கை எடுத்துவிடுவதே மருந்து. விண்டோஸ் பெரிய அப்டேட் போட்டதும் அந்த டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் என் மாதாந்தர வருமானத்தின் ஒரு பகுதி.

மூன்றாவது, கரைந்த உப்பு. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்ன காலத்திலிருந்து இங்கே டீ மாஸ்டருக்கும் டிடிஎஸ் என்றால் என்னவென்று தெரியும்: தண்ணீர் தெளிவாக இருக்கும், உப்பு உள்ளே இருக்கும். தண்டர்பேர்டின் எம்பாக்ஸ் முறையில் ஒரு ஃபோல்டரின் எல்லா அஞ்சலும் ஒரே நீளக் கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும். அழித்தால் கண்ணுக்குத் தெரியாது, கோப்பில் இருக்கும். காம்பேக்ட் செய்தால்தான் போகும். யாரும் செய்வதில்லை. பழைய கிணறுகளை ஃபேட் 32இல் தோண்டியிருப்பார்கள், இருவருக்கும் பொதுமொழி என்று. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு நாள் இன்பாக்ஸ் அந்த வரம்பை முட்டும். அன்று புதிய அஞ்சல் உள்ளே நுழையாது. நூறு அஞ்சல்தான் பட்டியலில் தெரிகிறது, நாலு ஜிபி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பாலாற்று மணலைக் காட்டுவேன்.

எம்பாக்ஸில் இன்னொரு விசித்திரம். ஓர் அஞ்சல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம், வரியின் தொடக்கத்தில் வரும் 'ஃப்ரம்' என்ற சொல். அஞ்சலின் உள்ளேயே யாராவது ஒரு வரியை அப்படித் தொடங்கினால் குழப்பம் வரும் என்று, பல மென்பொருள்கள் அதன் தலையில் ஓர் அம்புக்குறியைச் செருகி வைக்கும். எங்கள் ஊர் சரக்கெல்லாம் சென்னைத் துறைமுகம் வழியாகப் போவது. 'ஃப்ரம் சென்னை' என்று வரி தொடங்காத ஷிப்பிங் மெயிலே அரிது. சென்னையின் தலையில் மட்டும் ஓர் அம்பு ஏன் நிற்கிறது என்று ஒரு கிளார்க் தம்பி என்னைக் கேட்டான். உலகில் எத்தனையோ பேர் கேட்காமல் கடந்துபோன கேள்வி அது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனிக் கோப்பு என்ற மெயில்டிர் முறை இந்தத் தொல்லையை ஒழிக்கும். ஆனால் அதன் மூல வடிவில் கோப்பின் பெயருக்குள் முக்காற்புள்ளி வரும், விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. இரண்டு புள்ளியில் நின்றுபோன சம்பந்தம்.

நான்காவது, கடிகாரம். சூடு போட்ட தழும்பு. எந்தச் சாயத்திலும் மறையாது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று படிக்கும், தான் நினைத்தபடி திருத்தியும் வைக்கும். இரண்டுக்கும் நடுவே இந்தியாவில் ஐந்தரை மணி நேரம். லினக்ஸை அணைத்து விண்டோஸைத் திறந்தால் காலை பத்து மணிக்குப் பெட்டி நாலரை என்று சொல்லும். அப்போது அனுப்பிய அஞ்சலில் அதிகாலை நாலரை என்றே முத்திரை விழும். இத்தாலியில் வாங்குகிறவருக்குக் கோடைக்காலத்தில் அது நள்ளிரவு ஒரு மணி. "உங்கள் ஊரில் யாரும் தூங்குவதில்லையா?" என்று ஒருமுறை அன்போடு எழுதிக் கேட்டிருந்தார். மேனேஜர் அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அதைவிட, காலை ஆறு மணிக்கு வந்த கேள்விக்கு நாலரை மணிக்கே பதில் போயிருப்பதாகப் பட்டியல் காட்டும். கிளெய்ம் வழக்கில் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பிரியாணி வைத்ததுபோல. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு வரச் சொல்லி ஒரே கட்டளையில் முடித்துவிடலாம். ஊரோடு ஒத்து வாழ் என்று அதற்குத்தான் சொல்லமுடியும், விண்டோஸுக்குச் சொல்ல ரெஜிஸ்ட்ரியைக் கிளற வேண்டும்.

இவையன்றி, ஒரு பக்கம் புதிய பதிப்பு தொட்ட புரொபைலை மறுபக்கத்துப் பழைய பதிப்பு தொட மறுப்பதும் உண்டு; தீட்டு என்று பெயர் வைத்து நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, மூன்று உறைவிடம், நால்வகைக் குடி, நாற்பெருங்குற்றம் என்று கட்டி வைத்திருந்தேன். போன மாதம் அந்த அப்பர் கம்பெனிக்குப் போனேன். கிணறு வெட்டிக் கொடுத்து வருஷம் ஆகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்க. மேனேஜர் அண்ணன் பின்னால் சுவர் முழுக்க பாக்ஸ் ஃபைல். கோன்யாக் விவகாரத்துக்குப் பிறகு அவருக்குக் கிணற்றின் மேல் நம்பிக்கை வரவில்லையாம். வருகிற மெயிலையெல்லாம் அச்செடுத்து, பஞ்ச் போட்டு, கோத்துவிடுகிறார். ஓட்டை சில தாள்களில் தேதியின்மேல் விழுந்திருந்தது.

"பிரின்டர்தான் லினக்ஸ்ல வேலை செய்யாதேண்ணா, டிரைவர் கிடையாதே" என்றேன்.

"அதுக்கு ஒரு வழி வெச்சிகீறேன்" என்றார். லினக்ஸில் இருக்கும்போது வந்த மெயிலை அவர் தன்னுடைய இன்னொரு ஜிமெயில் விலாசத்துக்குத் தானே ஃபார்வேர்ட் செய்கிறார். பிறகு பெட்டியை அணைத்து, விண்டோஸில் ஏற்றி, பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, அதை இறக்கி, அச்செடுக்கிறார். அதே டிஸ்கில் பக்கத்துப் பார்ட்டிஷனில் இருக்கிற அஞ்சல், எந்த நாட்டு சர்வருக்கோ போய், அங்கிருந்து திரும்பி ஆம்பூருக்கு வந்து, அவர் மேசைமேல் சூடாக விழுகிறது. அவர் அதை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராக ஒருமுறை திருப்பிப் பார்த்து, பஞ்சில் வைத்து அழுத்தினார்.